நாலு மணி வகுப்பு

போன வருசம் மழைக்காலம் முடிகிற நேரம், மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தக் கரையோரச் சபைகளின் வாலிபர் ஊழியத்துக்கென்று புதிதாக வந்திருப்பவர். தேத்தண்ணி குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

“டீச்சர், இதுக்குள்ள பத்து வருசத்துக்குப் பாடம் இருக்கு. வீடியோ, பாட்டு, விளையாட்டு, எல்லாம் தமிழ்தான். இனி நீங்க ஒண்டும் தேடித் திரியத் தேவையில்ல.”

இரண்டு கையாலும் வாங்கினேன். நெஞ்சு நிறைந்துதான் வாங்கினேன். ஒரு படத்துக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் அந்தத் தம்பிக்குத் தெரிய நியாயமில்லை.

1981இல் எனக்குப் பத்தொன்பது வயது. பொத்துவிலில் ஓய்வுநாட் பாடசாலையை நடத்திவந்த அம்மா ஒருவர் பார்வை மங்கி ஒதுங்கியபோது என்னிடம் ஒப்படைத்தவை மூன்று: ஒரு பிளனல் பலகை, ஒரு பிஸ்கட் ரின் நிறையப் படங்கள், மண்டபத்துச் சாவி. பலகையில் சாம்பல் நிறக் கம்பளித் துணியை இழுத்து ஆணி அடித்திருக்கும். படங்களின் முதுகில் சேண்ட்பேப்பர்த் துண்டு. அழுத்தினால் துணியைப் பிடித்துக்கொள்ளும். தாடி வைத்த ஆட்கள் அந்த ரின்னில் இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அவர்களே நோவா, அவர்களே ஆபிரகாம், அவர்களே பேதுரு. மாரியில் துணியில் ஈரம் ஏறினால் படம் ஒட்டாது. அப்போது ஒரு பிள்ளை எழுந்து வந்து கதை முடியும்வரை மோசேயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிடிப்பதற்குப் போட்டி நடக்கும். மழை நாள்களில் வகுப்புக்கு வரவு கூடுதல் என்பதை அப்போது கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

பாட்டுத்தாள் வேண்டுமென்றால் கல்முனைக்குப் பஸ் ஏறி, ஸ்டென்சில் வெட்டி, ரோணியோ எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். ஒருமுறை திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடியில் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். நத்தார்ப் பாட்டு என்று விளங்கவைக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

ரின்னில் இருந்த பெத்லகேம் படத்தில் கூரையெல்லாம் பனி. வெள்ளைச் செம்மறிகள். எங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவை எருமையும் ஆடும். தகப்பன் கரைவலை இழுக்கும் ஒரு பொடியன் கேட்டான்: “டீச்சர், அந்த ஊருல எரும இல்லையா? அப்ப தயிருக்கு என்ன செய்வாங்க?” வகுப்பு சிரித்தது. நான் அதட்டி உட்காரவைத்தேன். நாற்பது வருசத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அது மிக நல்லது. அவன் அந்த ஊருக்குள் நுழைந்து பார்க்கத் தயாராக இருந்தான். நான்தான் கதவைச் சாத்தினேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

எங்களுக்கு இல்லாதது பாடப்பொருள்தான் என்று இருபது வருசம் நம்பினேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது, சென்னையில் அச்சாகும் புத்தகம் எங்களுக்கு வந்து சேர்வதில்லை, ஒரு புறொஜெக்டர் இருந்தால் இந்தப் பிள்ளைகளை எங்கேயோ கொண்டுபோய்விடலாம் என்று.

ஆனால் ஓய்வுநாட் பாடசாலை என்கிற இந்த ஞாயிறு பாடசாலையின் வரலாற்றை ஊழியர் பயிற்சிகளில் சொல்லும்போது நாங்கள் ஒரு விசயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைப் பெருமுயற்சியாகத் தொடங்கியபோது, அந்த ஊர்ப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் வேலைத்தலங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு ஓய்ந்திருந்தது ஞாயிறு ஒன்றுதான். அன்றைக்குத் தெருவில் திரிந்தவர்களைக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த நாளைக் குறித்துக் கொடுத்தது பிள்ளையின் உழைப்பு வாரம். பிறகு அந்த வாரம் மாறிப்போனது. நாங்கள் நாளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டும் அப்படித்தான் தொடங்கினார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்தவர், 1815 ஏப்ரலில் காலமானார். ஒரு வருசம்கூட நிறையவில்லை. அந்தக் குறுகிய காலத்தில் தமிழ் படிக்கத் தொடங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு எது வேண்டுமோ அங்கிருந்து ஆரம்பித்தார். பின்னால் இந்தக் கரையெங்கும் எழுந்த மிஷன் பாடசாலைகளை 1960, 61இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன்பிறகு எங்கள் கையில் மிஞ்சியது ஞாயிறு காலை ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முழு ஊழியத்தையும் அடக்கப் பார்த்ததில்தான் நாங்கள் சுருங்கிப்போனோம் என்பது என் எண்ணம்.

அப்படிச் சுருங்காத ஒருவர் இருந்தார். நாங்கள் மெதடிஸ்தக்காரர், அவர் இயேசு சபைக் குருவானவர். ஆனாலும் வாலிபர் ஊழியம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது யூஜின் ஹெபர்ட் அடிகளாரைத்தான். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். கிழக்கில் அந்த விளையாட்டைச் சொன்னால் அவர் பெயரும் கூடவே வரும். பிறகு கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் பொறுப்பாக இருந்து, யுத்தத்துக்குள் வேலையில்லாமல் நின்ற பொடியன்மாருக்குக் கைத்தொழில் கொடுத்தார். என் சித்தியின் மகன் அங்கே கற்ற தொழிலில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறான். பந்தும் பட்டறையும் அவருடைய பாடப்புத்தகங்களாக இருந்தன.

1990 ஆகஸ்ட் கிழக்குக்குக் கொடிய மாதம். காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டு, அதற்குப் பழியாகத் தமிழர் கொல்லப்பட்டு, வீதியெங்கும் பயம் நின்ற நாள்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹெபர்ட் அடிகளாரும், அவரோடு வந்த தமிழ் இளைஞன் ஒருவனும் வழியில் காணாமற்போனார்கள். இன்றுவரை காணவில்லை. அப்போது நாங்கள் பொத்துவிலை விட்டு ஓடித் திருக்கோவில் அகதி முகாமில் இருந்தோம். அந்தச் செய்தி வந்த இரவு, முகாமின் வாலிபர்கள் ஒன்றும் பேசாமல் மண்ணில் வட்டமாக இருந்தது நினைவிருக்கிறது. நானும் அந்த வட்டத்தில் இருந்தேன். சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை.

என் கண்ணைத் திறந்தது 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து, இயேசு சபையாரின் வளவொன்றில் ஆரம்பித்தது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஒரே வளவுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், மரம், செடி. அதைப் பார்க்கவென்றே நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போனேன். ஒரு நாள் முழுதும் ஓரமாக நின்று பார்த்தேன். யாரும் அந்தப் பிள்ளைகளிடம், உனக்கு என்ன நடந்தது என்று கேட்டு நெருக்கவில்லை. பிள்ளை களிமண்ணில் எதைச் செய்கிறதோ, கதை அங்கிருந்து கிளம்பியது. பெரியவர்கள் அதன் பின்னால் போனார்கள்.

ஊருக்குத் திரும்பிய வாரம் கடையில் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம். திங்கள் முதல் ஞாயிறுவரை அந்தப் பிள்ளையின் வாரம் எப்படிப் போகிறது? எத்தனை மணிக்கு எழும்புகிறது, தண்ணீர் அள்ளுவது யார், தாய் குவைத்திலா வீட்டிலா, பக்கத்து வளவில் யார் இருக்கிறார்கள், ஆரோடு விளையாடுகிறது, எதற்குப் பயம். கேட்டு எழுதவில்லை. வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து, பார்த்து வந்து எழுதினேன். அந்தக் கொப்பியில்தான் எனக்கு உறைத்தது: எங்கள் பிள்ளைகளின் வாரத்தில் பாதி முஸ்லிம் வீடுகளுக்குள் நடக்கிறது. பாலர் வகுப்புக் கூட்டாளி, கடைக்கார காக்கா, கிரிக்கெட் அணி, பெருநாளன்று வரும் வட்டிலப்பம், நத்தாருக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும் கேக். ரின்னில் இருந்த படங்களிலோ, பின்னர் வந்த புத்தகங்களிலோ அந்த அயல்வீட்டுப் பிள்ளைக்கு இடமே இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். பல பிள்ளைகள் முதல்நாள் போட்ட புதுச்சட்டையையே திரும்பப் போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. அந்தக் கொப்பியில் அவர்களுடைய நாலு பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை.

அதன்பிறகு வந்தது பாடப்பொருள். ஒரு ரின்னுக்கு ஏங்கிய எங்களுக்குக் கொள்கலன் கணக்கில் வந்தது. ஆங்கில நிறந்தீட்டும் புத்தகங்கள், கைப்பொம்மைகள், பலூன்கள், பாட்டு இறுவட்டுகள். கொண்டு வந்தவர்கள் நல்ல மனதோடு வந்தார்கள். ஒரு கிழமை நின்று, பிள்ளைகளைக் கடலை வரையச் சொல்லி, அழவிட்டு, அணைத்து, போனார்கள். அடுத்த கிழமை வேறொரு குழு. ஒரு சிறுமி இரண்டு மாதத்தில் நாலு முறை கடல் வரைந்தாள். நாலாவது முறை என்னிடம் வந்து, “டீச்சர், இவங்களுக்கும் அலை வேணுமா, பூ கீறலாமா?” என்று கேட்டாள். பூக் கீறச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு குழுவின் நிவாரணப் பொதிகளுக்குள் அரிசி, பருப்போடு துண்டுப்பிரசுரங்களும் இருந்தன. எனக்குப் பழக்கமான ஒரு உம்மா பொதியைப் பிரிக்காமலே எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். “புள்ள, எங்கட மவுத்து வீட்டுக்குள்ள இதைக் குடுக்கிறது சரியா?” கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அந்தக் குழுவிடம் போய் அரிசி வேறாகவும் கடதாசி வேறாகவும் இருக்கவேண்டும் என்று சொன்னேன். விசுவாசம் குறைந்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும். பசித்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசப்படும் எதையும் சுவிசேஷம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். பிள்ளையிடம் மறுத்துச் சொல்லும் பலம் இல்லை.

2006 செப்டெம்பரில் பொத்துவிலுக்கு அருகே குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஞாயிறு பாடப்புத்தகத்தில் எங்களுக்கு விழுந்த தலைப்பு நேரந்தவறாமை. புத்தகத்தை மூடி வைத்தேன். பதினாலு வயதுப் பொடியன் ஒருவன், “செத்த ஆக்கள்ல ஒருத்தர் எங்கட அப்பாவோட வேலை செஞ்சவரு டீச்சர். அப்பா ரெண்டு நாளா சாப்பிடல்ல” என்றான். அன்றைக்கு நாங்கள் செய்தது அவனுடைய அப்பாவைப் பற்றிப் பேசியதுதான். ஊர் கொஞ்சம் அடங்கியதும் சபைப் பெரியவர்கள் இரண்டு பேரோடு அவர் அந்த மவுத்து வீட்டுக்குப் போய் வந்தார். மகனும் கூடப் போனான்.

பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். குண்டு கொண்டுவந்தவனை உள்ளே விடாமல் வாசலில் மறித்த ரமேஷ் ராஜுவும், இன்னும் பலரும் போனார்கள். போனவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள். ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் வெடித்ததில் இறந்தவர்களிலும் பிள்ளைகள். ஆலயங்களுக்குக் காவல் போட்ட அந்த வாரங்களில் எங்கள் வகுப்பு என் வீட்டுத் திண்ணையில் நடந்தது. தலைவர்களின் அறிக்கைகள், மன்னிப்பைப் பற்றிய வீடியோக்கள் எல்லாம் கைபேசியில் வந்துகொண்டே இருந்தன. ஒரு பிள்ளை கேட்டது வேறு. “டீச்சர், அவ என்னைக் கண்டா வேற பக்கத்தால போறா. நான் அவவுக்குப் பயமில்ல. அவதான் என்னைப் பாக்கப் பயப்படுறா. நான் என்ன செய்ய?” அவள் சொன்னது ஒன்பது வருசமாக ஒரே ரியூசன் வாங்கில் பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் கூட்டாளியை. எந்த மொழியில், எந்த நாட்டில் அச்சான வாலிபர் கையேட்டில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது? இருவருமாகப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றோம். அவ்வளவுதான் தெரிந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். அதை நான் ஏற்றுக்கொண்டதேயில்லை. கொப்பியைத் திறந்து பாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கணக்கு ரியூசன், ஒன்பதரைக்கு விஞ்ஞானம். ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளை அதை விடமுடியாது. ஏப்ரல் முதல் ஒக்டோபர்வரை அறுகம்குடாவில் வெளிநாட்டுக்காரர் வரும் காலம். பதினேழு, பதினெட்டு வயதுப் பொடியன்மார் விடிய முன்னரே அலைப்பலகை தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பின்னேரம் இருட்டினால் சில கிராமங்களுக்கு யானைப் பயத்தில் திரும்பிப் போக ஏலாது. எங்கள் ஒன்பது மணி வகுப்பு காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இவைதான்.

ரியூசன் சேர் ஒருநாள் சந்தையில் என்னை மறித்தார். முஸ்லிம் இளைஞர். நன்றாகக் கணக்குப் படிப்பிப்பவர்.

“டீச்சர், உங்கட புள்ளைகள் மூணு பேர் ஞாயித்துக்கிழமையில நிக்கிறாங்க. கெட்டிக்காரப் புள்ளைகள், பின்னுக்குப் போயிருவாங்க.”

“ஆராதனை இருக்குத்தானே சேர்.”

“அத நான் யோசிக்கல்ல. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நாங்க வகுப்பு வெக்கிறல்லதானே. எத்தனை மணிக்கு முடியும் எண்டு சொல்லுங்க, நான் பதினொண்டுக்கு மாத்துறன்.”

மூன்று பிள்ளைகளுக்காக நாற்பது பேரின் நேரத்தை மாற்றினார். அவர் அவ்வளவு செய்தபோது, நாங்கள் எங்கள் ஒன்பது மணியை அசைக்கமாட்டோம் என்று நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆராதனை காலையில் இருக்கட்டும், வகுப்பைப் பின்னேரம் நாலு மணிக்குக் கொண்டுபோவோம் என்று சபைக் கூட்டத்தில் கேட்டேன். ரியூசன் பெரிதா தேவன் பெரிதா என்று ஒரு பெரியவர் எழும்பினார். நான் ரைக்ஸைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கூட்டம் எடுத்தது. ஆனால் மாறியது.

நாலு மணி வகுப்பின் முதல் அரை மணித்தியாலம் ஓ.எல். கிறிஸ்தவ பாடம். சமய பாடம் கட்டாயம். ஆனால் ஒரு பாடசாலையில் இரண்டு, மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் அவர்களுக்கென்று ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். சமய பாட நேரத்தில் மரத்தடியில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரசாங்கம் தரும் பாடப்புத்தகம் கையில் இருக்கும், விளங்கப்படுத்த ஆள் இருக்காது. அதை நாங்கள் செய்தால் பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழில் ஒரு நல்ல பெறுபேறு ஏறும். தாய்தகப்பனுக்கும் இந்த வகுப்பு வீண் நேரமில்லை என்று தெரியும். புதிய சிந்தனை என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் தம்பி தந்த பென்டிரைவை மகனின் கணினியில் போட்டு ஒரு கிழமை இருந்து பார்த்தேன். பாட்டுகள் நல்லவை. காணாமற்போன ஆட்டின் கதை அழகான கார்ட்டூன், சின்னப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். பிற மதத்து நண்பர்கள் என்று ஒரு பாடமும் இருந்தது. அவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எப்படி ஆலயத்துக்கு அழைப்பது என்பது மட்டுமே அதில். அவர்களோடு எப்படி வாழ்வது, அவர்களிடமிருந்து எதைப் பெற்றுக்கொள்கிறோம், அவர்கள் வீட்டில் மவுத்து என்றால் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் இல்லை. தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாடம் இல்லை. பத்து வருசத்துக்கான பாடத்தில் கடல் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

தம்பி அடுத்த மாதம் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கோணவில்லை. இதுவரை சேர்ந்திருந்த ஐந்து கொப்பிகளையும் வாங்கி மடியில் வைத்து, பழையது புதியது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். “இதை யார் டீச்சர் உங்களுக்குக் காட்டித் தந்தது?” என்றார். மோசேயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். எருமைத் தயிர்க் கேள்வியையும் சொன்னேன். தானும் ஒரு கொப்பி தொடங்குவதாகச் சொல்லி, அன்றைய வகுப்புக்கு நின்றார்.

நோன்பு மாதம். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பிள்ளை ஒருத்தியோடு சைக்கிளில் வந்த முஸ்லிம் கூட்டாளி, வேலியோரம் ஓலைத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றாள். இருவருக்கும் வகுப்பு முடிய ஒன்றாகப் போக வேண்டியிருந்தது.

“டீச்சர், அவ உள்ளுக்கு வந்து இருக்கலாமா?”

“உம்மாட்டக் கேக்காம இருக்க ஏலாது புள்ள. நம்பரச் சொல்லு.”

தம்பியின் கைபேசியில் எடுத்தேன். மழைச் சத்தத்தில் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

“மழை விடுற மட்டும் இருக்கட்டும் டீச்சர். நோன்பு புடிச்சிருக்கா, குடிக்க ஒண்டும் குடுத்துராதீங்க.”

அவள் கடைசி வாங்கில் இருந்து தன்னுடைய கணக்குக் கொப்பியை விரித்தாள். நாங்கள் எங்கள் பாடத்தைத் தொடங்கினோம். பாதியில் எங்கள் பிள்ளைகளில் மூத்தவள் எழுந்து போய், மேசையில் இருந்த தேத்தண்ணிப் போத்தலையும் கப்புகளையும் பிஸ்கட்டையும் அலுமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மணிக்குப் பாடம் முடிந்தது. மழை விடவில்லை. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்ட பிறகு அலுமாரியைத் திறந்து, முதல் கப்பைக் கடைசி வாங்குக்குக் கொடுத்தோம்.